ரீஃபண்ட் குறைந்தால் காரணத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருமான வரி ரீஃபண்ட் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால், "வந்தவரைக்கும் சரி" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அதிலும் பென்ஷன்காரர்கள். கேட்கப்போய் பழைய கணக்கையெல்லாம் தோண்டிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. நான் கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் தெருவில் உள்ளவர்கள் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். வந்த தொகை சரியா தவறா என்று பார்க்க ஆடிட்டர் படிப்பெல்லாம் வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ரிட்டர்னைப் பரிசீலித்து முடித்ததும் வரித்துறையின் பெங்களூரு மையத்திலிருந்து வருமான வரிச் சட்டத்தின் 143(1) பிரிவின்படி ஓர் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிரவுசிங் சென்டரில் ரிட்டர்ன் போட்டவர்களுக்கு அது சென்டர்காரரின் முகவரிக்கோ வெளியூரில் இருக்கும் மகனின் முகவரிக்கோ போய்விடுகிறது. கைக்கு வந்தாலும் பாஸ்வேர்டு தெரியாமல் அப்படியே கிடக்கிறது. பான் எண்ணில் உள்ள ஆங்கில எழுத்துகளைச் சின்ன எழுத்தாக அடித்து, அதை ஒட்டியே பிறந்த நாள், மாதம், வருடத்தை எட்டு இலக்கமாகச் சேர்த்தால் திறக்கும். உள்ளே இரண்டு பத்திகள் இருக்கும், ஒன்று நாம் காட்டிய கணக்கு, இன்னொன்று அவர்கள் போட்ட கணக்கு. ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, எண் எங்கே மாறுகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போடுங்கள்.

குறைந்த தொகையே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். சரியாக 5,000 ரூபாயோ 1,000 ரூபாயோ குறைந்திருந்தால், தாமதமாக ரிட்டர்ன் போட்டதற்கான 234எஃப் கட்டணமா என்று பாருங்கள் (மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால்தான் அது 1,000). எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு வரவேண்டியது 21,040, வந்தது 6,840. வித்தியாசமான 14,200 என்பது அரியர்ஸ் மொத்தமாக வந்ததற்காக 89ஆம் பிரிவில் அவர் கேட்டிருந்த நிவாரணத் தொகை, ஒரு ரூபாய் மாறவில்லை! அந்த நிவாரணம் கேட்கிறவர்கள் ரிட்டர்னுக்கு முன்பே 10இ என்ற படிவத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். அவருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் அதைச் சொல்லவே இல்லை. பிறகு படிவத்தைப் பதிந்து, 154ஆம் பிரிவில் திருத்த மனு போட்டுத்தான் மீதியை வாங்கினார். டிஏ அரியர்ஸ், பென்ஷன் அரியர்ஸ் வாங்கியவர்கள் எத்தனை பேர் இப்படி இழந்துகொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

வித்தியாசம், வட்டியில் பிடித்த வரிக்காக வங்கி கொடுத்த 16ஏ சான்றிதழில் உள்ள தொகையோடு பொருந்தினால், பிடித்த அந்த வரி (டிடிஎஸ்) உங்கள் பெயரில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் பக்கத்தில் ஏறியிருக்காது. பெரும்பாலும் பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருப்பார்கள். இதற்கு வரித்துறையிடம் போய்ப் பயனில்லை, வங்கிதான் தன் டிடிஎஸ் கணக்கைத் திருத்திக் கொடுக்க வேண்டும். கிளையில் "ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிட்டோம்" என்பார்கள், விடாதீர்கள், எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நம்மிடம் ஏற்கெனவே பிடித்துவிட்ட வரியை மறுபடி நம்மிடமே கேட்கக் கூடாது என்று 205ஆம் பிரிவு இருக்கிறது.

இரண்டு பத்தியும் ஒன்றாகவே இருந்து, கணக்கில் மட்டும் குறைவாக வரவு வைத்திருக்கிறார்களா? அப்படியானால் பழைய ஆண்டு வரி பாக்கி ஏதாவதில் கழித்திருப்பார்கள். 245ஆம் பிரிவின்படி முன்கூட்டியே நமக்கு அறிவித்து, பதில் சொல்ல 21 நாள் கொடுத்த பிறகுதான் கழிக்க வேண்டும். அந்த அறிவிப்பும் மின்னஞ்சலில்தான் வருகிறது, யார் பார்க்கிறார்கள்? பாக்கி எந்த ஆண்டுக்குரியது என்று கட்டாயம் பாருங்கள். 2009-10 நிதியாண்டு வரைக்குமான 25,000 ரூபாய் வரையிலான பாக்கிகளும், 2010-11 முதல் 2014-15 வரைக்குமான 10,000 ரூபாய் வரையிலான பாக்கிகளும் நீக்கப்படும் என்று 2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ஒருவருக்கு மொத்தமாக 1 லட்சம் வரை என்று பிறகு வரம்பு வைத்தார்கள்.

குறைந்தது சரியாகவே இருக்கும் இடங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எஃப்டி வட்டிக்கு வங்கி பிடிப்பது 10 சதவீதம்தான், உங்கள் வருமானம் 20 சதவீத அடுக்கில் இருந்தால் பிடித்தது திரும்பி வராது, மேற்கொண்டு கட்டத்தான் வேண்டும். கெடு தாண்டி ரிட்டர்ன் போட்டால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது, அப்போது சேமிப்பு, இன்சூரன்ஸுக்கான 80சி கழிவு, மூத்த குடிமக்களின் 50,000 ரூபாய் வரையிலான வட்டிக்கான 80டிடிபி கழிவு எல்லாம் போய்விடும்.

தவறு அவர்கள் பக்கம் என்றால் திருத்த மனு போட, அறிவிப்பு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஆனால் "மீதி ரீஃபண்டைப் பெற இந்த லிங்க்கைத் தொடுங்கள்" என்று வரும் குறுஞ்செய்தியை மட்டும் தொடவே வேண்டாம், ஓடிபி கேட்டு யார் பேசினாலும் போனை வைத்துவிடுங்கள்.

வரித்துறைக்கு என் கோரிக்கை இது. ரீஃபண்ட் குறையும்போது அனுப்பும் குறுஞ்செய்தியில், எவ்வளவு குறைந்தது, எதனால் குறைந்தது என்று ஒரே ஒரு வரி தமிழில் சேருங்கள். எந்த இடத்தில் கணக்கு மாறியது என்பது உங்கள் கணினிக்குத் தெரியும், அதை 75 வயதுப் பெரியவருக்குப் புரிகிற மொழியில் சொல்வதில் என்ன கஷ்டம்? 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்று பிரிவு எண்களும் மாறுகின்றன. நான் மேலே சொன்ன எண்கள் பழைய ஆண்டு ரிட்டர்ன்களுக்குத்தான் பொருந்தும், புதிய எண்களைத் தேடி முதியவர்கள் எங்கே போவார்கள்? ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதங்களிலாவது உங்கள் நாளிதழும் அந்த எண்களை ஒரு கட்டம் போட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்,
கும்பகோணம்.