எங்கள் தெருவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள தெருக்காரர்களுக்கு,

அம்மா இடுப்பெலும்பு முறிந்து பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தது சரியாக அக்னி நட்சத்திர வெயில் நாட்களில். புறவாசல் தோட்டத்தில் மிளகாயும் சீனியவரைக்காயும் பறிக்க ஆளில்லாமல் முற்றிக்கொண்டிருந்தன. மாமரம் வேறு நிறையக் காய்த்திருந்தது. அந்த வெயிலை விட்டுவிட்டால் வருஷத்துக்கான வத்தல் கிடையாது. நான் அதை மனதளவில் விட்டும்விட்டேன். நீங்கள்தான் விடவில்லை.

மேலவீட்டு ஆச்சிக்கு முதல் நன்றி. மோர்மிளகாயைப் பாதியில் நிறுத்த முடியாது என்பது போட்டவர்களுக்குத் தெரியும். கீறிய மிளகாயைப் புளித்த மோரில் உப்போடு ஊறவைத்து, காலையில் எடுத்து வெயிலில் பரப்ப வேண்டும். சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். பானையில் மோர் வற்றும்வரை தினமும் இதே வேலை. ஒருநாள் கவனிக்காமல் விட்டாலும் வாடை வந்துவிடும். "நீ அம்மையைப் பாரு, மிளகாயை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனீர்களே ஆச்சி, அன்றைக்குத்தான் நான் கொஞ்சம் தூங்கினேன்.

சீனியவரைக்காயைப் பறித்து, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்து, ஒடித்தால் சடக்கென்று ஒடியும்வரை காயவைத்த எதிர்வீட்டு மதினிக்கும் நன்றி. சுண்டைக்காயைத் தட்டிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

மாங்காய் ஊறுகாய்க்குக் கொட்டையோடு வெட்டக் கை பலம் வேண்டும். அதைச் செய்துகொடுத்தார் மதினி வீட்டு அண்ணன். ஒவ்வொரு காயையும் ஈரம் போகத் துடைத்து, ஜாடியையும் வெயிலில் காயவைத்த பிறகே அரிவாள்மணையில் உட்கார்ந்தாராம். மதினி துண்டுகளுக்கு மேலே நல்லெண்ணெய் நிற்கிற அளவுக்கு ஊற்றி, ஜாடி வாயைத் துணியால் வேடு கட்டி வைத்திருக்கிறார்கள். நேற்றுத் திறந்து பார்த்தேன், துளிப் பூசணம் இல்லை.

அப்புறம், கோடைமழை கொட்டிய சாயங்காலம் மொட்டைமாடித் தட்டட்டியில் ஏறி, பாயும் சுளகுமாக அத்தனையையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகளே! பாதி காய்ந்த வத்தல் நனைந்திருந்தால் எல்லாமே குப்பைக்குத்தான் போயிருக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். உங்களுக்கு மாவத்தல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் ஜாடிகளைத்தான் முதலில் எண்ணினாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. வத்தக்குழம்பும் சுட்ட மோர்மிளகாயுமாக அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு வாய்க்கு மேல் இறங்காதவள்.

எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டு டப்பாக்களில் அடைத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளை அனுப்பினாலும் சரி, நீங்களே வந்தாலும் சரி. ஆச்சி மட்டும் வெயிலில் நடந்து வர வேண்டாம், நானே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
கீழவீட்டு மகள்