செல்வத்துக்கு, உன் 32 ஃபோர்டைப் பற்றி

சான் ஹோசே

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். நாலு பக்கம் ஊர்க்கதை எழுதிவிட்டு, 32 ஃபோர்டு ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய 1932 மாடல் கார்) வாங்கிய சேதியைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருக்கிறாயே, நல்ல ஆளப்பா நீ.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். வாரம் ஒருமுறை வேலைக்கு ஓட்டினால் தாங்குமா? தாங்கும். ஓட்டாமல் ஷெட்டில் போட்டால்தான் தாங்காது. ஃப்ரெஸ்னோ வெயிலில் சிக்னலில் நின்றால் கொதிக்கிறதே, என்ன செய்வது? இதற்குத்தான் பதில் நீளும்.

உன் வண்டியில் இருப்பது 1949-53 காலத்து 8பிஏ ஃபிளாட்ஹெட் என்ற ஃபோர்டு வி8 இன்ஜின், 239 கன அங்குலம். வால்வுகள் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே இருக்கின்றன. அதனால் எக்ஸாஸ்ட் நேராக வெளியே போக வழியில்லை. சிலிண்டர்களுக்கு நடுவே, தண்ணீர் அறையைத் தொட்டுக்கொண்டு பிளாக்கைக் குடைந்துதான் வெளியே வரும். போதாததற்கு ஒவ்வொரு பக்கத்திலும் நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாசல். எக்ஸாஸ்டோடு போயிருக்க வேண்டிய சூட்டில் கணிசமான பங்கு தண்ணீரில் ஏறிவிடும். 1932-ல் 65 குதிரைசக்தியோடு வந்த முதல் வி8-லிருந்தே இந்த இன்ஜினின் பிறவிக்குணம் இது. ஆனால் குணம் வேறு, கோளாறு வேறு. கோளாறு இல்லாத ஃபிளாட்ஹெட் கொதிக்காது.

எப்போது கொதிக்கிறது என்று முதலில் பார். நிற்கும்போது சூடு ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன், பெல்ட், ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே கூண்டு இல்லாதது. நெடுஞ்சாலையிலும் ஏறினால் தண்ணீர் ஓட்டம், அடைத்த ரேடியேட்டர், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), அல்லது பெட்ரோல் மெலிந்த கலவை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி பம்ப், தனித்தனி தெர்மோஸ்டாட் என்பதை மறக்காதே. மீட்டர் ஒரு ஹெட்டை மட்டும் காட்டினால் மற்றது வெந்துகொண்டிருப்பது தெரியாது. கையடக்க இன்ஃப்ராரெட் வெப்பமானியால் இரண்டு மேல் ஹோஸ்களையும் அளந்து பார்.

நீ நினைக்காத இடம் ஒன்று இருக்கிறது: பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். 8பிஏவின் அசல் டிஸ்ட்ரிபியூட்டரில், வேகம் கூடக் கூட டைமிங்கை முன்னே தள்ளும் எடைக்கற்கள் இல்லை. அதைத் தள்ளுவது வேக்யூம் (உறிஞ்சு அழுத்தம்) மட்டுமே, அதுவும் அதற்கென்றே துளையிட்ட ஃபோர்டு கார்புரேட்டரிலிருந்து வரவேண்டும். உன்னிடம் இருப்பதோ இரட்டை ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர். அதில் அந்தத் துளையே கிடையாது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரையே வைத்திருந்தால் எந்த வேகத்திலும் டைமிங் பின்தங்கியே நிற்கும். எரிய வேண்டியது எக்ஸாஸ்ட் பாதையில் எரியும், அந்தப் பாதை எங்கே போகிறது என்று மேலே சொன்னேன். புது ரேடியேட்டருக்குக் காசைக் கொட்டுவதற்கு முன் எடைக்கற்கள் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை மாட்டி, மொத்த அட்வான்ஸ் (டைமிங் முன்னே தள்ளப்படும் அளவு) 20 முதல் 24 டிகிரிக்குள் வருகிறதா என்று டைமிங் லைட்டில் பார். பாயிண்ட் உள்ளதானால் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு.

அடுத்தது பிளாக்கின் வயிறு. வார்ப்பு மணலும் துருவும் எழுபது வருஷமாக அடியில் சேர்ந்திருக்கும். பக்கத்துக்கு ஒன்றாகக் கீழே இருக்கும் வடிகுழாயைத் திற. தண்ணீர் வரவில்லையா, கம்பியை விட்டுக் குத்து. பம்புகளைக் கழற்றி, குழாய்த் தண்ணீரை இரு திசையிலும் விட்டுக் கழுவு. பிறகு சில வாரத்துக்கு மேல் ஹோஸ்களின் ரேடியேட்டர் முனையில் பழைய நைலான் ஸ்டாக்கிங் துண்டைச் செருகி வை. இது அமெரிக்கக் கிழவர்களின் வித்தை, செலவே இல்லை. முதல் வாரம் அதில் சேர்வதைப் பார்த்தால் அசந்துபோவாய். நிரப்ப ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும்: பாதி கூலண்ட், பாதி காய்ச்சி வடித்த நீர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று. அலுமினிய ஹெட்டானால் இதில் சோம்பல் கூடாது. ரேடியேட்டர் மூடி 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் தாங்கினால் போதும்.

இவ்வளவும் செய்தும் கொதித்தால் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் இருக்கலாம். நீல நிறத் திரவம் வைத்துச் சோதிக்கும் கருவி கடையில் கிடைக்கும். திரவம் மஞ்சளானால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறது என்று பொருள்.

கார்புரேட்டர் பெட்ரோல் ஒழுக்குகிறது என்றாயே, அதற்குக் காரணம் பெரும்பாலும் கார்புரேட்டர் அல்ல. ஸ்ட்ராம்பர்க் 97-க்குப் பெட்ரோல் அழுத்தம் இரண்டரை பி.எஸ்.ஐ.க்கு மேல் ஆகாது. இப்போது விற்கும் பம்புகள் பல அதற்கு மேல் தள்ளி, ஊசி வால்வைத் திறந்துவிடும். ரெகுலேட்டர் போட்டுவிட்டு ஃப்ளோட் மட்டத்தைப் பார், 15/32 அங்குலம். அப்புறமும் பிளக்குகள் கரியேறினால் பவர் வால்வு கசிகிறதா என்று பார்க்கலாம்.

வாரம் ஒருமுறை ஓட்டு என்றேன். ஷெட்டிலேயே பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பதைச் சொல்லவில்லை, அது ஓட்டாமல் இருப்பதைவிடக் கேடு. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாக வேண்டுமென்றால் நன்றாகச் சூடேறி அரைமணியாவது ஓடவேண்டும். அசல் ஃபில்டர் ஆயிலில் ஒரு பகுதியைத்தான் வடிகட்டுகிறது, ஆகவே 1000 மைலுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடு. அந்தக் காலத்தில் கலிபோர்னியாவின் மியூராக் வறண்ட ஏரிக்குப் பந்தயம் ஓட்டப் போனவர்கள் பலர், வண்டியை வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே போய், மட்கார்டைக் கழற்றி ஓடி, திரும்ப மாட்டிக்கொண்டு வீடு வந்தவர்கள். தார்ப்பாய்க்குள் தூங்கச் செய்த வண்டி இல்லை இது.

ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ (பல் உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு) இல்லை. வண்டி முழுசாக நின்றபின் போடு, இல்லையேல் ஒரு கியர் மாற்ற கிளட்சை இருமுறை மிதிக்கும் டபுள் கிளட்ச் பழகு. 3.78 பின் கியரும் 28 அங்குல டயரும் என்றால் 60 மைல் வேகத்தில் சுமார் 2700 ஆர்.பி.எம். அதுவே அதற்குச் சுகமான வேகம்.

முன்சக்கர நடுக்கம் வந்தால் டயர் பேலன்ஸோடு நின்றுவிடாதே. கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), டை ராட் முனைகள், ஸ்டியரிங் பாக்ஸ் மூன்றின் ஆட்டத்தையும் கையால் அசைத்துப் பார். கேஸ்டர் (கிங் பின்னின் பின்சாய்வு) 5 முதல் 7 டிகிரி, டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) 1/16 முதல் 1/8 அங்குலம். கிங் பின்னுக்கு ஆயில் மாற்றும்போதெல்லாம் கிரீஸ் அடித்துவிடு.

பிரேக்தான் எனக்குக் கவலை. ஃபோர்டு 1939-ல் கொண்டுவந்த ஹைட்ராலிக் பிரேக்தானே உன்னுடையது? டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் அதன் ஷூ தானாக நடுவில் வந்து உட்காராது. கீழே உள்ள ஆங்கர் போல்ட்டையும் மேலே உள்ள கேமையும் இரண்டையும் சரிசெய்ய வேண்டும். கேமை மட்டும் திருகிவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைப் பாதை, ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. ரப்பர் ஹோஸ் மூன்றையும் வயது பார்க்காமல் மாற்றிவிடு, பிரேக் ஆயிலையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பின் டிரம்மைக் கழற்ற ஹப்பைப் பிடிக்கும் புல்லர் வேண்டும், டிரம் விளிம்பை இழுத்தால் கோணிவிடும். திரும்ப மாட்டும்போது ஆக்சில் நட்டு 200 அடி-பவுண்டு அளவில் இறுகவேண்டும். காட்டர் பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் இறுக்கு, ஒருபோதும் தளர்த்தாதே. தளர்ந்தால் ஹப்பை ஆக்சிலோடு பூட்டும் கீ அறுந்துவிடும், சில சமயம் ஆக்சிலே போய்விடும்.

முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து உள்ளே எடைக்கற்கள் இருக்கிறதா பார். இரண்டு ஹோஸ்களின் சூட்டையும், சிக்னலில் ஒன்று நெடுஞ்சாலையில் ஒன்று என்று தனித்தனியாகக் குறித்து எழுது. அதுவரை ரேடியேட்டர் வாங்காதே.

அன்புடன்,
ராமு