பெர்க்கோட ஏழு பாட்டையும் பாடுங்க, கவிதையையும் கையில குடுங்க

ஜெர்மன் கலைப்பாட்டு, அதாவது கவிதைக்கு இசையமைச்சு பாடுற கச்சேரி, நடத்துறவங்களுக்கு வணக்கம்.

போன வருஷம் ஒரு கச்சேரிக்கு போயிருந்தேன், ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க்கோட 'ஏழு ஆரம்பகாலப் பாடல்கள்'ல ரெண்ட மட்டும் பாடிட்டு அடுத்ததுக்கு போயிட்டாங்க, நிகழ்ச்சித் தாள்ல கவிஞர் பேரு கூட இல்ல, ஹால்லயும் லைட்ட சுத்தமா அணைச்சுட்டாங்க. மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

1905லேர்ந்து 1908 வரைக்கும், இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கிட்ட பாடம் கத்துக்கிட்டு இருந்த காலத்துல எழுதின பாட்டுங்கதான், ஆனா வெறும் மாணவப் பயிற்சின்னு ஒதுக்கிடாதீங்க. 'வோட்செக்'ங்கிற ஆபரா, அதாவது இசை நாடகம், எழுதி பேரு வாங்கினதுக்கு அப்புறமும் பெர்க் இதுங்ககிட்ட திரும்பி வந்தாரு, பழைய கட்டுலேர்ந்து ஏழ எடுத்து திருத்தி 1928ல ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதினாரு. முதல் பாட்டுக்கும் கடைசி பாட்டுக்கும் முழு ஆர்கெஸ்ட்ரா, நடுவுல கவிஞர் ஸ்டோர்மோட 'நைட்டிங்கேல்' பாட்டுக்கு வெறும் தந்திக் கருவிங்க, அஞ்சாவதுல வயலின் குடும்பமே கிடையாது. இவ்வளவு யோசிச்சு அடுக்கினத நடுவுலேர்ந்து உருவலாமா?

கவிதை தெரியலேன்னா பாதி போயிடும். முதல் பாட்டு 'இரவு', கார்ல் ஹாப்ட்மன் எழுதினது, பள்ளத்தாக்குல மேகமும் மூடுபனியும், அதுக்கு பெர்க் அரைச்சுரமே இல்லாம எல்லா இடைவெளியும் ஒரே அளவா இருக்குற ஸ்கேல்ல ஆரம்பிக்கிறாரு, எது ஆதார சுரம்னு காதுக்கு பிடிபடாது, அப்புறம் திரை விலகி அற்புத தேசம் விரியுதுன்னு வரி வரும்போது ஏ மேஜர்ங்கிற சுருதி தெளிவா வந்து நிக்கும், எனக்கு இன்னிக்கும் அந்த இடத்துல உடம்பு சிலிர்க்கும். 'நைட்டிங்கேல்'ல ராத்திரி பூரா நைட்டிங்கேல் பறவை பாடினதுல ரோஜா வெடிச்சு மலருது, துறுதுறுன்னு திரிஞ்ச பொண்ணு இப்ப யோசனையில மூழ்கி நடக்குறா, வெயில் கொளுத்துது, தொப்பி கையிலயே இருக்கு, போட்டுக்கணும்னு கூட தோணல. இந்தத் தொப்பிய தெரியாம அந்தப் பாட்ட எப்படி கேக்குறது!

மத்த பாட்டுங்களோட கவிஞர்கள் லெனாவ், ரில்கே, ஷ்லாஃப், ஹார்ட்லேபன், ஹோஹன்பெர்க், எல்லார் பேரையும் போடுங்க. வரிகளையும் மொழிபெயர்ப்பையும் அச்சடிச்சு, படிக்கிற அளவுக்கு வெளிச்சம் விடுங்க. ஏழும் சேர்த்து கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலதான் வரும், பியானோவோட போட்டாலே போதும், எவ்வளவு தூரமா இருந்தாலும் நான் வந்து உக்காருவேன்.