எலி பசையும் கல்லீரல் ஆய்வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல் மூட்டைகளின் அருகே எலிக்காக நச்சுப் பசை தடவி வைத்திருந்த தேங்காய்ச் சில்லைத் தின்றுவிட்ட எங்கள் தெருக் குழந்தை, முதல் இரண்டு நாளும் ஓடியாடி விளையாடியதால் வீட்டார் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்; மூன்றாம் நாள் கண்கள் மஞ்சளாகின. குழந்தை பிழைத்தது பெரும் பேறு. இத்தகைய பசையில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. கல்லீரல் செயலிழப்பும் தாமதமாகவே வெளிப்படும். நோயாளியின் பிளாஸ்மாவை (இரத்தத்தின் திரவப் பகுதியை) மாற்றும் சிகிச்சை குறித்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர். ஆனால் டெல்டா மக்கள் முதலில் ஓடுவது தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான். அச்சிகிச்சையை யாருக்கு, எந்த நாளில் தொடங்குவது என்பதை ஆராயும் பணியில் இக்கல்லூரிகளின் அவசர, தீவிர சிகிச்சைப் பிரிவுகளையும் இணைத்து, அதற்கென அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், மன்னார்குடி