பதினேழு வயதுக்காரனை நடுவில் ஆடவிடுங்கள்

ஸ்காட்லாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான பிரீமியர்ஷிப்பின் 12 கிளப்களை நடத்தும் இயக்குநர்களுக்கும், அணிகளைத் தேர்வு செய்யும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

மேற்கு ஸ்காட்லாந்தில் குடியேறி, உங்கள் மைதானங்களில் ஒன்றுக்கு சீசன் டிக்கெட் வாங்கிவரும் தமிழன் எழுதுகிறேன். எந்தக் கிளப் என்பது வேண்டாம். சொல்ல வந்தது உங்கள் எல்லோருக்கும் பொதுவானது. தமிழில் எழுதுவதால், உங்களுக்கு மனப்பாடமான சில செய்திகளையும் இங்கே விரித்துச் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அகாடமியில் வளரும் நடுக்கள ஆட்டக்காரனுக்கு 17, 18 வயதில் முதல் அணியில் இடம் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். மூன்று கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசிப் பத்து நிமிடம் இறக்கிவிடுவதை நான் இடம் என்று சொல்லவில்லை. முதல் நிமிடத்திலிருந்து, நடுவில், வாரம் தவறாமல் ஆடவிட வேண்டும்.

ஸ்காட்லாந்தின் நடுக்கள ஆட்டக்காரர் பில்லி கில்மரை எடுத்துக்கொள்வோம். 2001இல் பிறந்தவர், ஏர்ஷயர் கடற்கரையில் உள்ள ஆர்ட்ராசன் சொந்த ஊர். சின்ன வயதிலேயே கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கிளப்பின் அகாடமிக்கு வந்துவிட்டார். ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம் 2012இல் தொடங்கிய திட்டத்தின்படி, பாடங்களோடு தினமும் கால்பந்துப் பயிற்சியும் தரும் பள்ளிகளில் ஒன்றான கில்மார்னாக்கின் கிரேஞ்ச் அகாடமியில் படித்தார். மார்க் வார்பர்ட்டன் மேலாளராக இருந்தபோது, 15 வயதிலேயே ரேஞ்சர்ஸ் முதல் அணியோடு சேர்ந்து பயிற்சி எடுத்தார். சங்கம், பள்ளி, கிளப் என்று மூன்றும் கைகோத்து ஒரு பையனை ஆளாக்கியிருந்தன. 2017இல், 16 வயதில், சுமார் 5 லட்சம் பவுண்டுக்கு அவர் லண்டனின் செல்சி கிளப்புக்குப் போனார். ரேஞ்சர்ஸ் முதல் அணிக்காக ஒரு போட்டியில்கூட ஆடவில்லை.

போனதற்காக அவரையோ அவர் குடும்பத்தையோ குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் எந்தப் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: என் பையன் எப்போது முதல் அணியில் ஆடுவான்? அதற்கு உங்களிடம் நேரான பதில் இல்லாதபோது, லண்டன்காரர்கள் சொல்லும் பொத்தாம்பொதுவான பதிலே இனிப்பாகத்தான் இருக்கும்.

லண்டனில் மட்டும் கதவு தானாகத் திறந்ததா என்றால், இல்லை. அயல்நாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதி மீறியதாக செல்சிக்கு ஃபிஃபா தடை விதித்தது. 2019 கோடையில் அவர்களால் வெளியிலிருந்து புதிதாக யாரையும் வாங்க முடியவில்லை. கையில் பணம் இருந்தும் கடைக்குப் போக முடியாத நிலையில்தான் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மேசன் மவுண்ட், டேமி ஏப்ரகாம், ரீஸ் ஜேம்ஸ் என்று சொந்த அகாடமி இளைஞர்களை மேலாளர் ஃபிராங்க் லாம்பார்ட் வரிசையாக இறக்கினார். அந்த ஆகஸ்டின் கடைசி நாளில் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராகச் சில நிமிடங்கள் கில்மருக்கும் கிடைத்தன. ஒரு தண்டனை செய்த வேலையை அதற்கு முன்பு எந்தத் திட்டமும் செய்யவில்லை.

2020 மார்ச் 3ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்றில் லிவர்பூலை செல்சி 2-0 என்று வென்றது. அப்போது லிவர்பூல் ஐரோப்பியச் சாம்பியன். லீக்கிலும் யாரும் எட்ட முடியாத முன்னிலை. அன்று சிறந்த ஆட்டக்காரர் விருது 18 வயது கில்மருக்கு. உயரம் சுமார் 1.70 மீட்டர், எதிரே நின்ற ஃபபினியோ தலைக்கு மேல் உயர்ந்தவர். அவருடைய கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டிவிட்டுப் பையன் ஓடிய அந்த ஒரு நொடியைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. பந்து தன்னை நோக்கி வரும்போதே ஒரு தோளுக்கு மேல் பார்ப்பார், பிறகு மறு தோளுக்கு மேல். பந்து காலில் படும்போது எங்கே அனுப்புவது என்பது முடிவாகியிருக்கும். உயரத்தை அளந்து ஆள் சேர்க்கும் பழக்கம் இன்னும் சில அகாடமிகளில் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்கள் அந்தக் கழுத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஐந்து நாள் கழித்து எவர்ட்டனை 4-0 என்று வென்ற லீக் போட்டியிலும் அவருக்கே விருது. அடுத்து கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு, ஜூலையில் முழங்காலில் காயம், அறுவை சிகிச்சை. 2021 ஜனவரியில் லாம்பார்ட் போனார், டூக்கல் வந்தார். அந்த மே மாதம் போர்ட்டோவில் செல்சி சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியபோது கில்மர் பெஞ்சில் இருந்தார்.

மூன்றே வாரத்தில் லண்டனின் வெம்பிளி மைதானம். 2021 ஜூன் 18, யூரோ போட்டி, இங்கிலாந்துக்கு எதிராக. முதல் போட்டியில் செக் அணியிடம் 2-0 என்று தோற்று நொந்திருந்தோம். ஸ்காட்லாந்து மேலாளர் ஸ்டீவ் கிளார்க் 20 வயதுப் பையனை நடுவில் நிறுத்தினார்; தேசிய அணிக்காகத் தொடக்கத்திலிருந்து அவர் ஆடிய முதல் போட்டி அது. தற்காப்பு வரிசையிலிருந்து பந்தை வாங்கித் திரும்புவது, நெருக்கடி வந்தால் மறுபடி கொடுத்து வாங்குவது, வேறு எதுவும் செய்யவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஸ்காட்லாந்து அணி வெம்பிளியில் பந்தை அவசரப்படாமல் வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்துப் பழக்கமில்லாத எங்களுக்கு அதுவே திருவிழாவாக இருந்தது. 0-0. அவர்தான் ஆட்ட நாயகன். மூன்றாம் நாள் அவருக்குக் கொரோனா என்று செய்தி வந்தது. ஆட்டம் முடிந்து அவரோடு நின்று பேசிய செல்சித் தோழர்கள் மவுண்டும் சில்வெல்லும்கூட இங்கிலாந்து முகாமில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அவர் இல்லாமல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் குரோஷியாவிடம் 3-1 என்று தோற்று வெளியேறினோம். ஒருவர் இருந்திருந்தால் வென்றிருப்போமா என்று தெரியாது. ஆனால் அவர் செய்யும் வேலையைச் செய்ய இன்னொருவர் அணியில் இல்லை என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த சீசனை விரைவாகக் கடந்துவிடலாம். லோன் முறையில், அதாவது ஒரு சீசனுக்குக் கடனாக, நார்விச்சுக்கு அனுப்பினார்கள். அந்த அணி கடைசி இடத்தில் முடித்துக் கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது. கிரிஸ்டல் பேலஸின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் சொந்த அணியின் ரசிகர்களே 'செல்சிக்கே திரும்பிப் போ' என்ற கருத்தில், இங்கே எழுத முடியாத சொல்லோடு கோஷம் போட்டார்கள். லோனில் போகும் பையனுக்கு அதுதான் விதி. அணி தோற்றால் அவன் விருந்தாளி. அவனை ஏன் சுமக்க வேண்டும் என்பார்கள். தான் வளர்ந்த ஊரின் அணியில் இதே தவறுகளைச் செய்திருந்தால், அரங்கில் பாதிப் பேராவது 'நம்ம பையன்' என்று பொறுத்துப்போயிருப்பார்கள்.

2022 செப்டம்பர் முதல் நாள் பிரைட்டனுக்குப் போனார். அவரை அழைத்த கிரகாம் பாட்டர் ஒரே வாரத்தில் பிரைட்டனை விட்டுவிட்டு, எந்தச் செல்சியிலிருந்து கில்மர் வந்தாரோ அதே செல்சிக்கு மேலாளராகப் போய்விட்டார். நடந்ததால் நம்புகிறோம். மறுபடி பல மாதக் காத்திருப்பு. அடுத்து வந்த மேலாளர் ராபர்ட்டோ டி செர்பி அவரை மெல்ல அணிக்குள் கொண்டுவந்தார். 2024 ஆகஸ்டில் அன்டோனியோ கான்டே பயிற்றுவித்த நாப்போலி வாங்கியது. அந்த சீசனிலேயே இத்தாலி லீக் பட்டம். ஏர்ஷயர் பையன் 23 வயதில் நேப்பிள்ஸ் வீதிகளில் கோப்பை ஊர்வலம் போனார்.

முடிவில் ஜெயித்துவிட்டாரே, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். ஒரு தடை வந்திருக்காவிட்டால், ஒரு மேலாளருக்குத் துணிச்சல் இருந்திராவிட்டால், இந்தக் கதை 2019இலேயே முடிந்திருக்கலாம் என்பதுதான் குறை. தப்பிப் பிழைத்த ஒருவரைக் காட்டி வழி சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

வேறு வழி இருக்கிறது என்பதை உங்களில் ஒருவரே காட்டியிருக்கிறார்கள். நடுக்கள ஆட்டக்காரர் லெனன் மில்லருக்கு மதர்வெல் தன் முதல் அணியின் கதவைத் திறந்தது 2022 ஆகஸ்டில். அவருக்கு 16 வயது முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பணக்காரக் கிளப் அல்ல. ரசிகர்களே சந்தா கட்டிக் காப்பாற்றும் கிளப். அவர் பந்தை இழந்தார், அடுத்த வாரமும் ஆடினார்; வீரம் பேசும் பெரிய ஆட்டக்காரர்களிடம் முழங்கை இடி வாங்கினார், அதற்கு அடுத்த வாரமும் ஆடினார். 2025 ஜூனில் தேசிய அணிக்கு ஆடினார். ஆகஸ்டில், 19 வயதை எட்டும் நேரத்தில், இத்தாலியின் உடினேசே அவரை வாங்கியது. மதர்வெல் வரலாற்றிலேயே பெரிய விற்பனை அது. 16 வயதில் 5 லட்சத்துக்குப் போனவரையும், மூன்று வருடம் ஊருக்காக ஆடிவிட்டுப் பல மடங்கு தொகைக்குப் போனவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருளாளருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

லூயிஸ் ஃபெர்குசனும் அப்படித்தான். ஹாமில்டன் முதல் அணியில் பதின்வயதிலேயே ஆடினார், பிறகு நான்கு சீசன் அபர்டீன். 2018இல் பர்ன்லிக்கு எதிரான ஐரோப்பியப் போட்டியில், இன்னும் 19 ஆகாத அந்தப் பையன் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலை மறக்க முடியுமா? 2022இல் இத்தாலியின் போலோன்யா கிளப்புக்குப் போய், அணித் தலைவராகி, 2025 மே மாதம் இத்தாலியக் கோப்பையை உயர்த்தினார். அந்தக் கிளப்புக்கு 51 ஆண்டுகளில் கிடைத்த முதல் பெரிய கோப்பை.

இன்னும் பின்னால் போனால் செயின்ட் மிரனின் ஊரான பெய்ஸ்லி. 2013இல் செயின்ட் மிரன் லீக் கோப்பையை வென்றபோது அங்கே முதல் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஜான் மெக்கின்னுக்கு வயது 18. கென்னி மெக்லீனும் அதே கிளப்பில் வளர்ந்தவர். 2025 நவம்பர் 18ஆம் தேதி டென்மார்க்கை 4-2 என்று வென்று, 1998க்குப் பிறகு முதல் முறையாக ஆண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இரவில் இருவரும் களத்தில் இருந்தார்கள். ஆட்டத்தின் கடைசி நொடிகளில் மைதானத்தின் நடுக்கோட்டுப் பக்கமிருந்து மெக்லீன் தூக்கி அடித்த பந்து வலைக்குள் போனபோது ஹாம்ப்டன் எப்படி அதிர்ந்தது என்பது அங்கிருந்த உங்களுக்கே தெரியும். வெளியிலிருந்து வாங்கப் பணம் இல்லாத ஒரு கிளப் வளர்த்த ஆட்டக்காரர்கள் அவர்கள்.

நீங்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 12 அணிகள்தான். 33 போட்டிகள் முடிந்ததும் லீக்கை இரண்டாகப் பிரித்து மேல் ஆறு, கீழ் ஆறு என்று ஆக்கிவிடுகிறீர்கள். கடைசி அணி நேராக இறங்கும்; பதினோராவது அணி, இறங்காமல் தப்பிக்க பிளே-ஆஃப் போட்டியில் வெல்ல வேண்டும். நிம்மதியான நடு இடம் என்று ஒன்று கிடையாது. கிளாஸ்கோவின் இரண்டு பெரிய கிளப்களில் ஒரு டிரா என்றாலே மேலாளரின் தலை உருளும். இந்த நிலையில் 30 வயது அனுபவசாலியை நிறுத்துவது பாதுகாப்பு. ஓரத்தில் ஆடும் சிறுவன் பந்தை இழந்தால் எதிரணிக்கு எறிபந்து கிடைக்கும், அவ்வளவுதான். நடுவில் ஆடுபவன் இழந்தால் கோல் விழும். அதனால்தான் இளைஞர்களை ஓரத்துக்குத் தள்ளுகிறீர்கள் என்பதும் புரிகிறது. ஆனால் நடுவில் தவறு செய்யாமல் நடுக்கள ஆட்டக்காரன் ஆனவன் எவனும் இல்லை. பையன் பந்தை இழந்தால் நாங்கள் கத்துவோம். அதைத் தாங்குவதற்கும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சம்பளம்.

இளையோருக்கான இரண்டாம் அணிகளான பி அணிகள் இருக்கின்றனவே என்பீர்கள். 2021இல் ரேஞ்சர்ஸ், செல்டிக் பி அணிகளை ஐந்தாம் நிலை லோலாண்ட் லீக்கில் சேர்த்தீர்கள். மேலே ஏற முடியாத, இறங்கவும் பயமில்லாத அணிகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தோற்றால் யாருக்கும் எதுவும் ஆகாத ஆட்டத்தில், 88ஆவது நிமிடம் 1-0 முன்னிலையில் பந்தை எப்படிக் காப்பது என்பதைக் கற்க முடியாது. ஒரே இளைஞன் தன் கிளப்புக்கும் கீழ்நிலைக் கிளப்புக்கும் மாறி மாறி ஆட வழிசெய்யும் புதிய கூட்டுறவு ஏற்பாடு 2025-26இல் வந்திருக்கிறது. நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் அதுவே பையனை வேறு யாராவது வளர்த்துத் தரட்டும் என்று கைகழுவும் வழியாக மாறிவிடக் கூடாது.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரெக்ஸிட் நடைமுறைக்கு வந்த 2021 முதல், இங்கிலாந்துக் கிளப்கள் ஐரோப்பாவிலிருந்து 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்க முடியாது. ஸ்காட்லாந்திலிருந்து 16 வயதில் சேர்க்கலாம். வலை வீச மிச்சமிருக்கும் குளம் நம்முடையதுதான். பென் டோக் 16 வயதில் செல்டிக்கிலிருந்து லிவர்பூலுக்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். பணத்தில் அவர்களோடு உங்களால் மோத முடியாது. முதல் அணியின் சட்டை மட்டும்தான் அவர்களால் கொடுக்க முடியாத, உங்களால் கொடுக்க முடிகிற ஒன்று.

ஆகவே, இரண்டு கோரிக்கைகள். பையனோடு முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போதே, முதல் அணியில் எப்போது, எந்த இடத்தில் ஆடவைப்பதாக நினைக்கிறீர்கள் என்று குடும்பத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாக்குறுதியாக வேண்டாம், திட்டமாகக் கொடுங்கள். மேலாளர் மாறினாலும் அந்தத் தாள் கிளப்பில் இருக்கும்.

இரண்டாவது எங்களுக்கு. உங்கள் ஆண்டறிக்கையில் வருமானம், செலவு, ரசிகர் வருகை எல்லாம் வருகிறது. உங்கள் அகாடமியில் வளர்ந்த, 21 வயதுக்கு உட்பட்டவர்கள் முதல் அணிக்காக எத்தனை நிமிடம் ஆடினார்கள், அதில் நடுக்களத்தில் எத்தனை நிமிடம், தொடக்கத்திலிருந்து எத்தனை போட்டி என்பதையும் அச்சிடுங்கள். டிக்கெட் புதுப்பிக்கச் சொல்லி அனுப்பும் மின்னஞ்சலோடு அந்தக் கணக்கை இணைத்துவிடுங்கள். பணம் கட்டுமுன் படித்துப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மேற்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு சீசன் டிக்கெட்காரர்