டக்குமாரை விற்றுவிடாதே

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படங்கள் போட்ட பென்டிரைவும் உன் மருமகன் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தன. கல்முனையில் வெயில் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கும் அதே கதைதான். கச்சான் காற்று வாவியை வற்றவைத்துவிடும்போல் வீசுகிறது. மூத்தவளுக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம் என்பதில் அவளுடைய அம்மாவுக்குத்தான் பெரிய நிம்மதி. அவளோ விடுதியில் தங்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பாவின் பிலிம் காலத்து லென்ஸை, அந்த சூப்பர் டக்குமாரை, விற்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதை வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "படமெல்லாம் வெளுத்துப்போகிறது, லென்ஸ் பழுது" என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். லென்ஸ் பழுதில்லை. உன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஃப் 8இல் எடுத்ததாக நீ சொல்லும் படத்தில் சின்னவனுக்குப் பின்னால் நிற்கும் வேலி ஏன் அப்படிக் கரைந்து கிடக்கிறது? ஒளி புகும் துளையான அபர்ச்சர் 8க்கு மூடவே இல்லை (எண் கூடினால் துளை சிறுக்கும்). முழுதாகத் திறந்து, 1.8இலேயே நின்றிருக்கிறது.

லென்ஸைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பார். திருகிப் பூட்டும் எம்42 லென்ஸ்களில் அங்கே ஒரு சிறிய ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். பிலிம் கமெராவில் ஷட்டரை அமுக்கும் கணத்தில் உள்ளே இருக்கும் ஒரு தகடு அந்த ஊசியைத் தள்ளும். அப்போதுதான் அபர்ச்சரின் இதழ்கள் நீ வைத்த அளவுக்கு மூடும். அதுவரை திறந்தே இருப்பதால் குறிபார்க்கும் கண்ணாடி வெளிச்சமாக இருக்கும். பழைய லென்ஸை உன் டிஜிட்டல் கமெராவில் பூட்ட நீ போடும் அடப்டரில் அந்த ஊசியைத் தள்ள ஒன்றுமில்லை. வளையத்தை நீ எங்கே திருப்பினாலும் இதழ்கள் அசையாது. 8 என்று நம்பிக் கையால் ஷட்டர் வேகத்தை வைத்தால் நாலு ஸ்டொப்புக்கும் மேலே, அதாவது பதினாறு மடங்குக்கும் மேலே, வெளிச்சம் கூடிப்போகும். கமெராவிடமே வேகத்தை விட்டாலும் கடற்கரையில் தப்ப முடியாது. நடுப்பகல் வெயிலில் ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100க்கு எஃப் 16, 1/100 என்ற பழைய கணக்கைப் போட்டுப் பார். எஃப் 1.8க்கு ஏறக்குறைய 1/8000 வேண்டும். உன் கமெரா 1/4000இல் நின்றுவிடுகிறது. மணல் வெளுக்காமல் என்ன செய்யும்?

மருந்து பெரியப்பாவின் லென்ஸிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு சிறிய ஆளி, ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் மனுவல். மனுவலுக்குத் தள்ளிவிட்டு வளையத்தைத் திருப்பினால் இதழ்கள் கண்முன்னே மூடுவதைக் காண்பாய். ஆளி இல்லாத லென்ஸ் கைக்கு வந்தால், ஊசியை அமுக்கிப் பிடிக்கும் விளிம்புள்ள அடப்டரைக் கேட்டு வாங்கு. நீ எழுதியிருந்த அந்த ரஷ்ய ஹீலியோஸ் 44-2இல் ஊசியே கிடையாது. அதனால்தான் அது "ஒழுங்காக வேலை செய்கிறது".

இதைச் சரிசெய்த பிறகும் உனக்கு இன்னொரு தொல்லை வரும். இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு ஹீலியோஸையும் விற்கப் புறப்படாதே. உன்னுடையதைப் போன்ற டி.எஸ்.எல்.ஆர். கமெராக்களில் வெளிச்சத்தை அளக்கும் மீற்றர் மேலே ஐங்கோணக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போகஸ் திரையில் விழும் பிம்பத்தைப் பார்த்துக் கணக்குப்போடுகிறது. படம் விழும் சென்சரை அது பார்ப்பதில்லை. இந்தக் காலத்துத் திரைகள் எஃப் 2.8, 4 போன்ற லென்ஸ்களுக்காகச் செய்யப்பட்டவை. அதற்கு மேல் திறந்தால் வரும் கூடுதல் வெளிச்சத்தைத் திரை முழுதாகக் காட்டாது. நன்றாக மூடினாலும் திரையின் வெளிச்சம் அதே கணக்கில் குறையாது. புது லென்ஸ் என்றால் தன் அபர்ச்சர் என்னவென்று கமெராவுக்கு மின்தொடர்பில் சொல்லிவிடும், கமெராவும் திருத்திக்கொள்ளும். பழைய லென்ஸ் ஊமை. ஒரு கமெராவில் படம் வெளுக்கும், இன்னொன்றில் கறுக்கும், ஒரே கமெராவில் 2இல் ஒரு விதமாகவும் 11இல் வேறு விதமாகவும் வரும்.

ஆகவே ஒரு மாலையை ஒதுக்கி, நிழலில் இருக்கும் வெறுஞ்சுவருக்கு முன்னால் கமெராவை முக்காலியில் நிறுத்து. துளையை நீ வைக்க வேகத்தைக் கமெரா தேரும் அபர்ச்சர் முறையில் வைத்து 1.8இலிருந்து 16 வரை ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடு. மீற்றர் நேர்மையானதென்றால் எல்லாச் சுவரும் ஒரே சாம்பல் நிறமாக வரும். வராது. எந்தப் படியில் எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பார்த்து எழுதி, அந்தத் துண்டை கமெராப் பைக்குள் ஒட்டிவை. அவ்வளவு பொறுமை இல்லையென்றால், கமெராவின் பின்புறத்தில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவைப் போட்டுக்கொள். அப்போது சென்சரே அளக்கும், போகஸ் திரையின் பொய் அங்கே எடுபடாது. மிரர்லெஸ் கமெராக்களில் இந்தத் தலைவலி இல்லாததற்கும் அதுதான் காரணம்.

கடைக்காரன் சிப் வைத்த அடப்டரை எடுத்துக் காட்டினால் கொஞ்சம் யோசி. போகஸ் ஆனதும் கீச்சென்று ஒலிக்கும், அது நல்லதுதான். ஆனால் அந்தச் சிப் லென்ஸைப் பற்றி எதுவும் அறியாமல், தனக்குள் எழுதிவைத்த ஓர் எண்ணை ஒப்புவிக்கிறது. அதை நம்பி நீ கமெராவில் 8 என்று வைத்தால், படம் எடுக்கும்போது அபர்ச்சர் மூடிக்கொள்ளும் என்று நினைத்துக் கமெரா வேகத்தைக் குறைத்துவிடும். மூடவோ ஆளில்லை. கமெராவில் எப்போதும் மிகப்பெரிய அபர்ச்சரையே வைத்துவிட்டு, மூடுவதை லென்ஸின் வளையத்தில் செய்.

பாலம் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புளியந்தீவுப் பக்கம் நின்று காலை வெயிலுக்கு எதிரே 1924ஆம் ஆண்டு இரும்புப் பாலத்தை எடுத்திருக்கிறாய். அது வெளுத்துப்போனதற்கு மீற்றர் காரணமில்லை. பழைய லென்ஸ் பூச்சுகள் இன்றைய பூச்சுகளைப்போல் எதிர்வெயிலைத் தாங்குவதில்லை. சிதறிய ஒளி நிழல்களின்மேல் பனிபோலப் படிந்து கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரைக் குறைத்தாலும் அந்தப் பனி விலகாது, படம் இருண்ட பனியாகும், அவ்வளவுதான். போதாததற்கு டக்குமார் முழு பிலிம் சட்டத்துக்காகச் செய்யப்பட்டது. உன் சென்சரோ அதைவிடச் சிறியது, ஏறக்குறைய 22க்கு 15 மில்லிமீற்றர். மிச்ச ஒளி உள்ளே சுவர்களில் பட்டுத் தெறிக்கிறது. அடப்டரின் உட்புறம் பளபளக்கிறதா என்று பார். பளபளத்தால் கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாளை ஒட்டிவிடு. லென்ஸுக்கு ஒரு ஹூட் போடு, கிடைக்காவிட்டால் உன் தொப்பியைப் பிடி. அதோடு, லென்ஸை ஒரு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து உள்ளே பூஞ்சை இல்லையென்று உறுதிசெய். மாரி தொடங்கினால் நம் ஊர் ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் இல்லாமல் எந்த லென்ஸும் தப்பாது.

உன் தம்பியின் சின்ன நிக்கோனில் பழைய நிக்கோர் லென்ஸைப் பூட்டினால் மீற்றரே ஓடுவதில்லை என்று கேட்டிருந்தாய். அந்த வகைக் கமெராக்களின் அமைப்பே அப்படி. எல்லாவற்றையும் கையால் வைக்கும் எம் முறையில் வைத்து ஹிஸ்டோகிராமைப் பார்த்து எடுக்கச் சொல். டி7000 போன்ற மேல்படிக் கமெராக்களில் லென்ஸின் விவரத்தைப் பட்டியலில் பதிந்துவிட்டால் மீற்றர் ஓடும். ஆனால் 1977க்கு முந்திய, திருத்தப்படாத நிக்கோர்களை அவற்றில் பூட்ட விடாதே. வளையத்தின் விளிம்பு கமெராவின் நெம்பை உடைத்துவிடும்.

படுவான்கரையில் ஒரு வடமோடிக் கூத்து அரங்கேறப்போகிறது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் என்னைப் படம் எடுக்கக் கேட்டிருக்கிறார். நீயும் டக்குமாரோடு வந்தால் நல்லது. சுற்றிலும் இருட்டு, நடுவில் கண்ணாடி பதித்த கிரீடங்கள். எந்த மீற்றரும் அங்கே தடுமாறும். ஆனால் கூத்தாடும் களரியின் வெளிச்சம் விடியும்வரை மாறாது. ஆகவே எம் முறையில் 1/100, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600 என்று தொடங்கி, முகத்தைப் பார்த்து ஒருமுறை திருத்திக்கொண்டால் அதன்பிறகு கையை எடுத்துவிடலாம். 1/100 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட் விநாடிக்கு 100 தரம் துடிக்கிறது. 1/500இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், நீ மறுபடியும் லென்ஸைத்தான் திட்டுவாய்.

வருவதென்றால் மருமகனிடம் சொல்லியனுப்பு, சுவர்ப் படங்களின் கணக்கையும் கொண்டுவா. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். வரும்போது கல்முனைச் சந்தையில் நல்ல தயிர்ச்சட்டி கிடைத்தால் ஒன்று வாங்கிவா. இங்கே விலை எட்டவில்லை.

இப்படிக்கு,
உன் கூட்டாளி