குடத்தில் தண்ணீர் இல்லை, தாயி

அன்புள்ள தாயிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மதுரை வெயில்தான் சொல்லி மாளவில்லை.

நீ வரைந்து அனுப்பிய 40 நொடி அனிமேஷன் படத்தைப் போனில் பத்துத் தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். குடிதண்ணீர்ப் படம் என்றதும் சர்க்கார் விளம்பரம் மாதிரி இருக்கும் என்று நினைத்துவிட்டேன். குழாயடியில் வரிசை போட்ட குடங்களில், பச்சைக் குடத்தின் கழுத்தில் அடையாளத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறாயே, அது அம்மா கட்டுவது. அதைப் பார்த்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

திரையில் நொடிக்கு 24 பிரேம் ஓடும், வரைந்த ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும் என்று நீ சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டேன். அந்தப் பெண் குடத்தோடு நடக்கும் 8 நொடிக்கு மட்டும் 96 படம். எல்லாம் முடிந்த பிறகு, அவள் எதிர்ப்பக்கம் நடந்தால் நன்றாயிருக்கும் என்று படம் கேட்டவர்கள் சொன்னார்களாம். கூட வேலை பார்க்கும் பையன் ஒரே அமுக்கில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிப் போட்டானாம். நீதான் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது என்று மறுபடி உட்கார்ந்து வரைந்தாயாம். யாருக்குத் தெரியப் போகிறது என்று அவன் கேட்டானாமே. தெரியும் தாயி.

1986இல் நான் சினிமா பேனர் வரையும் கம்பெனியில் சின்னப் பையன். துணியைச் சட்டத்தில் அடித்து, வஜ்ஜிரப் பசையும் ஜிங்க் வெள்ளையும் பூசிக் காயவைப்பது, ஸ்டில் என்கிற சினிமா போட்டோவில் கட்டம் போட்டு அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக்குவது, இதுதான் எங்கள் வேலை. முகம் மாஸ்டர் மட்டும்தான் தொடுவார். உங்கள் ஸ்டுடியோவில் பெரியவர்கள் 'கீ' என்கிற முக்கியமான படங்களைப் போட, நடுவில் உள்ளதைச் சின்னவர்கள் நிரப்புவதாகச் சொன்னாயே, அதே கதைதான். ஒருநாள் வந்த ஸ்டில்லை நெகடிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருந்தார்கள். நான் கவனிக்காமல் 20 அடிக் கதாநாயகனுக்குச் சட்டைப் பையை வலது பக்கம் வைத்துவிட்டேன். முகத்தில் மூழ்கியிருந்த மாஸ்டரும் பார்க்கவில்லை. தியேட்டர் வாசலில் ஏற்றிய மறுநாள் காலை, டீக்கடைக்காரர்தான் கேட்டார்: "ஏன்டா, உங்க ஹீரோ பீடியை எந்தக் கையால எடுப்பாரு?" அன்று சாயங்காலம் சாரத்தில் தொங்கிக்கொண்டு பையை அழித்தேன்.

அதனால் முந்தானை விஷயத்தில் நீ செய்தது சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அவள் குடத்தில் தண்ணீர் இல்லை. நிறைகுடத்தை இடுப்பில் வைத்தவள் நேராக நடக்கமாட்டாள். குடம் இடப்பக்கம் என்றால் உடம்பு வலப்பக்கம் சாயும், வலக்கை தானாக விலகி வீசும். குடம் இருக்கும் பக்கத்து கால் ஊன்றும்போது ஒரு இறக்கம் தெரியும். உன் பெண் குழாய்க்குப் போகும்போது எப்படி நடந்தாளோ, திரும்பும்போதும் அப்படியே நடக்கிறாள்.

இன்னொன்று, தொழில் விஷயம். காட்சிகளை முதலில் தாளில் வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டில் திருத்தம் சொன்னால் ஒரு தாளோடு போயிற்று. அசைவெல்லாம் போட்ட பிறகு சொன்னால் உன் தூக்கம் போகும். எத்தனை திருத்தம் வரை இலவசம் என்று முன்பணம் வாங்கும்போதே எழுதி வாங்கச் சொல் உன் முதலாளியிடம். உங்களைப்போல் ஆறு பேர் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் வெட்கம் பார்த்தால் சம்பளம்தான் தள்ளிப்போகும். நாங்கள் எழுதி வாங்கியதில்லை. ஒரு தியேட்டர்காரர் கதாநாயகியின் புடவையை மூன்று தடவை மாற்றச் சொன்னார், கூலி ஒரு தடவைக்குத்தான் வந்தது. தியேட்டரில் அந்தப் படம் ஓடி முடிந்த பிறகு அந்தத் துணியில் வெள்ளை பூசி அடுத்த படத்தை வரைந்தோம். நான் வரைந்த எதுவும் இன்று இல்லை, பிளெக்ஸ் வந்தபின் துணியும் இல்லை. உன்னுடையது போனிலாவது இருக்கும்.

இத்துடன் மூன்று வீடியோ அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் குழாயடியிலிருந்து வாசல் வரை குடத்தோடு நடக்கச் சொல்லி எடுத்தது. முதலில் பாதிக்குடம்தான், ஏமாற்றிவிட்டாள். மூன்றாவதில் சிரித்துவிட்டாள். இரண்டாவதைப் பார்.

அன்புடன்,
அப்பா